திருக்காவலூர் அன்னையும் மழபாடி அன்னையும்

கொள்ளிடத்தின் வடபால், திருமானூரை அடுத்து ஒருபுறம் திருமழபாடியும் மற்றொருபுறம் ஏலாக்குறிச்சியும் சில கல் தொலைவில் உள்ளன. முன்னர்த் திருச்சிராப்பள்ளி மாவட்டத்தும், 1995 முதற்கொண்டு பெரம்பலூர் மாவட்டத்தும் அடங்கியிருந்த இப்பகுதி, 2007 முதல் அரியலூர் மாவட்டம் என நிலைபெற்றது. மழபாடி, மூவர் முதலிகளும் பாடிப் பரவிய பழம்பதி. ஏலாக்குறிச்சி, இத்தாலி தேயத்துப் பிறந்து, இந்நாடு போந்து, தமிழ்ப்புலமை முதிர்ந்த வீரமாமுனிவரால் (1680–1747) திருக்காவலூர் எனப் பெயர் சூட்டப்பெற்ற ஊர். ஆண்டுள்ள அடைக்கல மாதாவின்மீது அவர் திருக்காவலூர்க் கலம்பகம் பாடினார். அன்னை அழுங்கல் அந்தாதி, அடைக்கல நாயகி வெண்கலிப்பா என்பனவும் அவர் இயற்றிய நூல்களே. அரியலூர் மழவராயர் ஒருவர் இராசபிளவை நோயால் வருந்தி, முனிவர் உதவியால் நலம்பெற்று, அக்கோயிற்கு நிலம் அளித்தனர் என்பது அத்தலத்தார் வழங்கும் வரலாறு. மழவர் பாடி என்பதே மழபாடி என மருவிற்று என்பர். அஃதுண்மையாயின், மழவர் பெயர் இவ்விரு தலங்களையும் ஒருவாறு தொடர்புறுத்தும்.

ஈண்டு யாம் ஆராயப் புகுந்தது தல வரலாறு அன்று. மழபாடியிலும் திருக்காவலூரிலும் 'தாய்' என்னும் சொல் பாடலில் நின்று பொருள் தருமாறு யாது என்பதே வினா. கிறித்தவ நூலோர், தாயன்பு கடவுள் அன்பின் நிழல் என்றும், கண்ணாடியிற் றோன்றும் உருப்போல்வது என்றும் கூறுப. அக்கூற்று வீரமாமுனிவர் செய்யுட்களில் எங்ஙனம் நிலைபெறுகின்றது? எவ்விடத்து நிலைகுலைகின்றது? இவற்றை நடுநின்று நோக்குவாம்.

முனிவர்மீது இருவேறு திறத்தார் கூறும் இரு குற்றங்களை முன்னர் ஆராய்தல் வேண்டும். 1706 முதல் தரங்கம்பாடியில் ஊன்றிய லுத்தர் சபையார், அன்னைக்குக் கோயிலும் பாடலும் அமைத்தல் கடவுட்குரிய வழிபாட்டைப் படைப்புப் பொருளொன்றற்குத் தருதலாம் என்றனர். முனிவர் அச்சபையாரோடு வாதப்போர் புரிந்து, வேதவிளக்கம், லுத்தேரினத்தியல்பு முதலிய உரைநடை நூல்களை எழுதினார். இஃது ஒன்று. நம்மவருட் சிலரோ, முனிவர் நாட்டிலிருந்த அம்மனையே பெயர்மாற்றி மாதா ஆக்கினர் என எளிதிற் கூறி அமைவர். இஃது இரண்டாவது.

இரண்டாவதற்குச் சான்றாகக் காட்டப்படுவது 'நாயகி' என்னும் சொல். கங்கைகொண்ட சோழபுரத்து அம்மையின் திருப்பெயர் பெரியநாயகி. திருமுதுகுன்றத்து அம்மையும் பெரியநாயகியே. அம்முதுகுன்றத்தை அடுத்த கோணான்குப்பத்தில் முனிவர் அமைத்த கோயிலில் எழுந்தருளியவளும் பெரியநாயகி மாதா. ஏலாக்குறிச்சியில் அடைக்கல நாயகி. ஒப்புமை வெளிப்படை. ஆயினும் பெயரொற்றுமை பொருளொற்றுமை ஆகாது. சைவத்தில் நாயகி என்பாள் நாயகனோடு பிரிப்பின்றி நிற்கும் சத்தி. அச்சத்தி அரனது அருளே என்பது சிவஞான சித்தியார் துணிபு. கதிரவனும் கதிரும் போலத் தாதான்மியமாய் நிற்பது அது. ஆதலின் அம்மையை வணங்குதல் அப்பனை வணங்குதலே; அங்குப் பிரதிபலிப்பு என்னும் பேச்சிற்கே இடமில்லை. பெரம்பலூரை அடுத்த சிறுவாச்சூரில் திங்களும் வெள்ளியுமே நடைதிறக்கும் மதுரகாளியம்மன் கோயிலிற் சென்று கைகூப்பும் உழவனைக் கேட்பினும், தாய் என்றது தெய்வத்தையே என்பான். தெய்வத்தின் நிழலை என்னான். மரியன்னையோ, கிறித்தவ நூல் முறைப்படி, படைக்கப்பட்ட உயிர். நம் பரிபாடையில் வைத்துக் கூறின் பசுவருக்கத்தைச் சேர்ந்தவள். பதி அல்லள், பதியின் சத்தியும் அல்லள். முனிவர் சொல்லை நம்மிடமிருந்து எடுத்தார்; பொருளைத் தம்மிடமிருந்தே இட்டார். இவ்வேறுபாட்டைக் காணாது 'அம்மனே மாதா' என்பார், முனிவரையும் அறிந்திலர், அம்மனையும் அறிந்திலர்.

இனி முதலாவது. 431-இல் எபேசு நகரிற் கூடிய சங்கம் மரியாளைக் கடவுளின் தாய் எனப் போற்றுதலை உறுதிசெய்தது. 787-இல் நைசியாவிற் கூடிய சங்கம், வணக்கம் வேறு, கடவுட்கே உரிய ஆராதனை வேறு என வரையறுத்தது. கத்தோலிக்கர் ஓதும் மாதா மன்றாட்டு மாலையில் அவளைக் கண்ணாடிக்கு உவமிக்கும் பெயரொன்று உண்டு. கண்ணாடி தனக்கென ஒளி உடையதன்று. அவளை மதியத்தோடு இயைத்துக் கூறும் வழக்கிற்கும் இதுவே கருத்து. மதி, ஞாயிற்றின் ஒளியைப் பெற்றுத் தருவது. ஆகவே கோட்பாட்டளவில் குற்றமில்லை. ஆனால் கோட்பாடு வேறு, பாட்டு வேறு. கண்ணாடியின் சட்டத்திற்கே பொன்னும் மணியும் இழைத்துக்கொண்டு போவானொருவன், பார்ப்பவன் கண்ணை ஒளியினின்று சட்டத்திற்குத் திருப்பிவிடுதல் கூடும். கலம்பகம் என்னும் பிரபந்தம் இயல்பாகவே பல்வகைப் பாவும் பல்வகை உறுப்பும் விரவித் தொடுக்கும் மாலை. புகழ்ச்சியை அடுக்குதற்கென்றே அமைந்த அவ்யாப்பினுள் தாயன்பு என்னும் ஒரு பொருள் தனித்து ஒலித்தல் அரிது. தலைவியின் மாட்சி விளங்கும். தாயின் மடி தோன்றுவது அருகியே. அவர் பாடிய தாய்மைப் பகுதிகளுள் உள்ளத்தைத் தொடுவன, அன்னையை முடிசூட்டி நிறுத்திய இடங்கள் அல்ல என்பது எம் கருத்து. அதனைப் பின்னர்க் காட்டுவாம்.

கடவுளன்பிற்குத் தாயன்பை அளவையாகக் கொள்ளும் மரபு விவிலியத்திற் பழையது. ஏசாயா நூலின் 49-ஆம் அதிகாரத்தில், ஆண்டவர் தன்னை மறந்தார் எனச் சீயோன் நகர் புலம்புகின்றது. அதற்கு அவர், பாலுண்ணும் மகவைத் தாய் மறத்தல் உண்டோ என வினவி, ஒருகால் அவள் மறப்பினும் தாம் மறவாமையைக் கூறுகின்றார். 66-ஆம் அதிகாரத்தில் தாய் தேற்றுமாறு தேற்றுவதாக மீண்டும் மொழிகின்றார். இயேசு பெருமானோ தம்மைக் குஞ்சுகளைச் சிறகின்கீழ் அணைக்கும் கோழிக்கு ஒப்பிட்டதாக மத்தேயு கூறுவர். பிற்காலத்து ஆங்கில நாட்டுத் தவமகள் நார்விச்சு யூலியானாளும், அவட்கு முன்னர்க் காந்தர்பரி ஆன்செல்மு என்னும் பேராயரும் கிறித்துவையே தாய் என விளித்தனர். கடவுளைத் தாயென்றல் கிறித்தவத்திற்குப் புறம்பானது என்பாரது கூற்று இவற்றால் மறுக்கப்படும்.

ஏசாயாவின் வாசகத்தில் கருதத்தக்கது ஒன்றுண்டு. தாய் உவமையாக வந்து, உடனே உவமேயத்திற்குத் தோற்று நிற்கின்றாள். மாணிக்கவாசகப் பெருமான் பிடித்த பத்தில் செய்ததும் இதுவே. மகவு பசித்து அழுமுன் காலமறிந்து பாலூட்டும் தாயை எடுத்தோதி, இறைவன் அவளினும் பரிவுடையன் என்றார். இருவரும் ஒருவரை ஒருவர் அறியாதார். நாடும் காலமும் மொழியும் வேறு. எனினும் இருவரும் தாய்மையின் உயிர்நிலையாகக் கண்டது ஒன்றே: நினைத்தல். பால் அன்று, தழுவல் அன்று, மகவை நினைத்திருத்தலே. பிள்ளை தன்னை மறந்து உறங்கும்போதும் தாய் நினைத்திருக்கின்றாள்.

இக்கருத்தை உளங்கொண்டு மழபாடிக்கு வருவாம். சுந்தரமூர்த்தி சுவாமிகள் திருவாலம்பொழிலில் துயில்கொண்டபோது, இறைவன் கனவிற் றோன்றி, மழபாடிக்கு வர நினைக்க மறந்தனையோ என வினவினன் என்று சேக்கிழார் அருளினார். விழித்தெழுந்து சென்று அவர் பாடிய பதிகத்தில், பாட்டின் இறுதிதோறும் இறைவனை அன்னை என விளித்து, வேறெவரை நினைப்பேன் என்னும் கருத்தினை வைத்தார். சீயோன், தன்னைக் கடவுள் மறந்தார் என அஞ்சிற்று. மழபாடியில் மறந்தவன் அடியவன், நினைப்பூட்டியவன் ஆண்டவன். மறவாதவளைத் தாய் என்பது உலக வழக்காதலின், மறந்த மகன் அக்கணமே 'அன்னை' என்றான். பதிகத்துள் அவ்விளி எதுகை நோக்கி வந்ததென்று சொல்லிப் போவார் உளர். எதுகை வேண்டின் வேறு சொல் இல்லையா? கனவின் வரலாற்றோடு இயைத்துப் படிப்பார்க்கு அவ்விளியே பதிகத்தின் உயிர் என்பது விளங்கும். இங்குத் தாய் உவமையாகவும் வந்திலள், கண்ணாடியாகவும் வந்திலள். சிராப்பள்ளியிற் செட்டிப்பெண் பொருட்டுத் தாயுருக்கொண்டு சென்று மகப்பேற்றிற்கு உதவினன் என்னும் வரலாற்றிலும் அப்படியே. இறைவன் தாயைப் போன்றவன் அல்லன், தாயாகவே வந்தவன்.

அங்ஙனமாயின் திருக்காவலூரார் இடையே ஒரு கண்ணாடியை ஏன் வைத்தனர்? இது குறையா, வேறொரு பேற்றைத் தருவதா? இதற்கு விடை முனிவரது தேம்பாவணியில் கிடைக்கின்றது. மூன்று காண்டமும் 36 படலமும் 3615 செய்யுளும் உடைய இக்காப்பியம் 1726-இல் முற்றிற்று. இதன் தலைவர் அன்னையின் துணைவராகிய வளன் என்னும் சூசை முனிவர். இதற்கு முதனூல்போல நின்றது, ஸ்பெயின் தேயத்து ஆகிர்த நகரில் வாழ்ந்த மரியாள் என்னும் துறவுமகள் (1602–1665) எழுதிய அன்னை வரலாறு. ஒரு பெண்ணின் தியானத்தினின்று எழுந்த நூல் தமிழிற் பெருங்காப்பியமாயது போற்றத்தக்கது. முனிவரைப் புகழ்வார் பலர் இதனைக் கூறாது விடுவர்.

இக்காப்பியத்துள் தாயன்பைப் பற்றிய சிறந்த பகுதி மரியன்னையைப் பற்றியதன்று. கருணையன் என முனிவரால் தமிழ்ப்பெயர் சூட்டப்பெற்ற யோவான், கானகத்தில் தன் தாய் எலிசபெத்தை இழந்து புலம்பும் பகுதி அது. நம் பள்ளிப் பாடநூலிலும் இடம்பெற்றமையால் மாணாக்கர் பலரும் அறிவர். பூவனைய கையைக் குவித்துப் பூமியை விளித்து, என் அன்னையின் உடலைப் பரிவோடு காப்பாயாக என வேண்டுகின்றான். குழியுள் மலர்ப்படுக்கை விரிக்கின்றான். மண்ணிட்டு மூடி, அதன்மேல் மலரையும் கண்ணீரையும் சொரிகின்றான். பின்னர்ப் புலம்புகின்றான்: தாயின் வாய்மொழியை மழைநீராகக் கொண்டு வாழ்ந்த இளம்பயிர் யான், துளி அற்றமையின், மணி பிடிக்குமுன் காய்ந்தேன். கொம்பினின்று கொய்த மலர்போல உள்ளம் வாடுகின்றேன். துணை பிரிந்த பறவைபோல் ஆயினேன். வழுக்கு நிலத்திற் பற்றுக்கோடின்றித் தனித்தேன். உயிர் பிழைக்கும் முறை அறியேன், உணவு தேடும் வகை அறியேன், காட்டில் வழி அறியேன்.

இப்புலம்பலைப் பட்டினத்தடிகள் தம் அன்னையின் ஈமத்தருகே பாடிய பாடல்களோடு ஒப்பவைத்து நோக்குதல் தகும். அடிகள் பத்துத் திங்கள் சுமந்தமையை நினைத்தார். இட்ட முலைப்பாலையும், தொட்டிலையும், மார்பையும், தம்மை அருமையாய் அழைத்த வாயையும் நினைத்தார். அவ்வாய்க்கே அரிசியிட நேர்ந்ததை எண்ணி அலறினார். அணியொன்றுமின்றி நிற்கும் அச்சொற்கள் கேட்பாரை நைவிக்கும். முனிவரது செய்யுளில் அணி மிகுதி. சொன்னலம் நோக்கி ஒரே சொல்லை அடிதோறும் அமைத்து மடக்கிச் செல்கையில், துயரத்தின் வாயிற் செய்யுட்கலை பேசுகின்றதோ என ஐயுறல் கூடும். தாயைப் புதைத்த மகன் இத்துணை ஒழுங்காக உவமை தேடானன்றோ? துயர்ச்சுவையில் அடிகளுக்கே முதன்மை, இதில் ஐயமில்லை.

ஆயினும் அடிகள் பாடலில் இல்லாத ஒன்று முனிவரிடத்து உண்டு. அடிகள் நினைத்தது தாய் செய்தவற்றை. கருணையன் நினைத்தது தாயின்றித் தான் அறியாதவற்றை. கருணையனுக்குத் தாய் பாலூட்டினவளாக மட்டும் தோன்றவில்லை. மெய்ம்மொழியை மழையாகப் பொழிந்தவளாகத் தோன்றுகின்றாள். மழையும் பயிரும் என்னும் உவமை ஆழமுடையது. பயிர் உண்பது மழையை. மழையைத் தருவது முகில். முகிலோ கடலினின்று முகந்தது. திருவெம்பாவையில் மாணிக்கவாசகர் முகிலிடத்தே உமையம்மையின் அருளைக் கண்டார். முனிவர் அதனை உட்கொண்டு இவ்வுவமையை அமைத்தாரோ, அறிவார் யார்? ஆயின் உவமை தானே பேசுகின்றது. தாய் நீரின் பிறப்பிடம் அல்லள். நீர் வந்த வழி. அவள் மறைந்தபின் பயிர் முற்றும் அழிந்ததா எனின், இல்லை. அம்மகவு வெளிப்படுங்காலம்வரை பாலைநிலத்தில் வளர்ந்தமையை லூக்கா கூறுவர். தாயற்ற கானத்தில் அவனை வளர்த்தது எதுவோ, அதுவே தாய் வழியாகவும் முன்பு வந்தது. 'அறியேன்' என்பதை அவன் அடுக்கிச் சொல்லுதல், அறிவிக்க அறியும் இயல்பிற்றாகிய உயிரின் நிலையை உணர்ந்த நம் மாணவர்க்குப் புதிதாகத் தோன்றாது. பிரதிபலிப்பு என்னும் கோட்பாடு இவ்விடத்தே பாட்டாகி நிற்கின்றது. அடைமொழி அடுக்கி முடிசூட்டிய இடத்தன்று.

இன்னுமொன்று உளது, இஃது எம்மனோர் நின்று எண்ணவேண்டிய இடம். கண்ணாடி தன்மேல் விழும் ஒளியைத் திருப்புவதன்றி ஒளிக்கு யாதும் ஈவதில்லை. மரியன்னையோ ஈந்தாள். கடவுள் மகவாகிப் பசித்தார், அவள் பாலூட்டினாள். பன்னிரண்டு ஆண்டுப் பருவத்தில் எருசலேம் விழாவிற் சென்ற மகனைக் காணாது மூன்று நாள் தேடி அலமந்தாள். கோயிலிற் கண்டபோது, ஏன் இப்படிச் செய்தாய் எனக் கடிந்தாள். தேம்பாவணியும் இதனைப் பாடும். கடவுளைக் கடிந்துகொள்ளும் உரிமை தாய்க்கன்றி யார்க்குண்டு? இங்குத் தாயன்பு நிழல் என்னும் அளவைக் கடந்துவிடுகின்றது. கடவுளன்பு தாயிடத்துச் சென்று, தாயன்பாய்த் திரும்பிக் கடவுளையே அணைக்கின்றது. கிறித்தவர் கூறும் அவதாரக் கொள்கையின் உயிர் இதுவே. கடவுட்குத் தாய் வேண்டும் என்பது.

சைவர் இதனை ஏலார். சிவபெருமான் பிறப்பிலி, தாயும் தந்தையும் இல்லாத தனியன் என்பதே திருமுறைகளின் முடிபு. ஆயினும் அப்பிறப்பிலி, கயிலைமேல் தலையால் நடந்துவந்த காரைக்காற் பெண்மணியைக் கண்டு, இவள் நம்மைப் பேணும் தாய் என உமைக்கு உணர்த்தி, 'அம்மையே' என அழைத்தனன் என்பது பெரியபுராணம். தாயில்லாதவன் ஒரு தாயைத் தேடிக்கொண்டான். அவளோ அத்தகுதியால் யாதும் பெருமை கொள்ளாது, பேய்வடிவோடு திருவாலங்காட்டில் அவன் அடிக்கீழ் இருத்தலையே வேண்டினாள். கிறித்தவர்க்கு ஊன்வழியே வந்த தாய்மை, நமக்கு அன்பின்வழியே வந்தது. கொள்கை வேறுபாடு பெரிது. அதனைச் சுருக்கிக் காட்டுதல் நேர்மையன்று. எனினும் இருதிறத்தாரும் இறைவன் தாயன்பை ஈபவனாக மட்டும் நில்லாது ஏற்பவனாகவும் நிற்றலைக் கண்டனர் என்பது கருதற்பாலது.

கண்ணாடி உடையும் இடம் ஒன்றையும் கூறல் வேண்டும். மகன் சினந்து தண்டிக்க ஓங்கிய கையை அன்னை தடுத்து நிற்கின்றாள் என்னும் பேச்சு கத்தோலிக்கப் பொதுமக்களிடையே பல நாடுகளிலும் வழங்குகின்றது. கேட்க இனியதாயினும் இது பிழைபட்ட பேச்சு. நீதி மகனிடத்து, இரக்கம் தாயிடத்து எனப் பங்கிட்டால், தாயின் இரக்கம் எவ்வொளியின் பிரதிபலிப்பு? ஞாயிற்றில் இல்லாத ஒளி மதியில் எங்ஙனம் வந்தது? அவர் கோட்பாட்டையே அவர் பேச்சு அழிக்கின்றது. சித்தியார் இவ்விடர்ப்பாட்டிற்கு இடங்கொடாமல், தந்தையும் தாயும் தம் சொற் கேளாத மக்களை உறுக்குதலும், வளாரால் அடித்தலும், பிணித்தலும் பரிவினாலேயாம் எனக் காட்டி, ஈசன் முனிவும் அத்தகைத்தே என்றார். கத்தோலிக்க அறிஞரும் இவ்விடத்துத் தம் மக்களைத் திருத்தவே முயல்வர். முனிவர் நூல்களை ஆராய்வார், அடைக்கலம் என்னும் சொல் வருமிடந்தோறும், அஃது எதனினின்று அடைக்கலம் எனக் கேட்டுப் பார்த்தல் வேண்டும். நோய், பகை, பாவம் இவற்றினின்று எனின் அமையும். இறைவன் சினத்தினின்று எனின் அமையாது.

முனிவர் அம்மானை யாப்பிற் பாடிய கித்தேரியம்மாளின் சரிதையும் இவ்வாராய்ச்சியிற் கருதற்குரியது. போர்த்துகல் தேயத்தில் வழங்கும் அக்கதைப்படி, ஒரே பேற்றில் ஒன்பது பெண்மகவு பெற்ற தலைவி நாணி, அவற்றை ஆற்றில் இட்டுவருமாறு செவிலியை ஏவினாள். செவிலி மனம் ஒப்பாது, அவற்றை வேறிடங்களிற் கொடுத்து வளர்ப்பித்தாள். ஏசாயா ஒருகால் நேரலாம் எனக் கூறிய மறதி இங்கே நேர்ந்தேவிட்டது. பெற்றவள் மறந்த மகவை, பெறாதவள் நினைத்தாள்.